விஸ்ராம் துறை நாத்தனார்கள்

மேட்டு வீடு, மதுரா
8 அக்டோபர் 1978

கலிந்திக்கு லாட்லி எழுதறது.

மூணு சந்து தள்ளி இருக்கிறவளுக்குக் கடுதாசி எழுத வேண்டிய நிலைமை வந்திருக்கு எனக்கு. பூக்காரி சுக்தேயி ரெண்டு வீட்டுக்கும் மாலை கொடுக்கிறவ. கூடைக்கு அடியில வெச்சுக் கொண்டுவருவா. படிச்சுட்டு அடுப்புல போட்டுடு.

உன் அண்ணன் பன்வாரி என் கையைப் பிடிச்சு வாசலுக்கு வெளியில விட்டாரு. “உங்க அண்ணன் வீட்டுச் சோத்தைப் போய்த் தின்னு”ன்னாரு. ஏழு வருஷம் குடும்பம் நடத்தினதுக்குக் கிடைச்ச வெகுமதி. நான் பொறந்த வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி என்னை முந்திடுச்சு. எங்க அண்ணன் கிரிராஜ், “அவ இங்க வர்றான்னா இவ அங்க போகட்டும்”னு உன்னைக் கட்டின புடவையோட அனுப்பிட்டாரு. சந்து முனையில நாம எதிரெதிரே வந்தோம். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு என்னைத் தெரியாத மாதிரிப் போன. என் அண்ணன் பெண்டாட்டி நீ, உன் அண்ணன் பெண்டாட்டி நான். எனக்கு நீ அண்ணி, உனக்கு நான் அண்ணி. நின்னு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்தாங்க. ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம், செலவு பாதின்னு உங்கப்பா சிரிச்சாரு. அறுந்தாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் அறும்னு அன்னிக்கு யாரும் வாய் திறக்கலை.

எல்லாம் எதுக்கு? பண்டாக்கள் உட்கார்ந்து யாத்ரீகனுக்குச் சங்கல்பம் பண்ணி வெக்கிற ஒரு மரமேடைக்கு. யமுனை வெள்ளம் துறையில இருந்ததையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு. தண்ணி வடிஞ்சு சேறு வாரி முடிக்கலை, அதுக்குள்ள எங்க அண்ணன் உட்கார்ற இடத்துல உன் அண்ணன் புது மேடையைப் போட்டுட்டாரு. வளைவுக்குக் கீழே, யாத்ரீகன் முதல்ல கால் வெக்கிற இடம். தெரியாம போட்டாராம். குரங்குகூட நம்பாது.

போகட்டும். இப்ப உன் பிள்ளை கேசோ என் மடியில தூங்கறான். என் பொண்ணு மிஸ்ரி உன் பக்கத்துல இருக்கா. உன் அண்ணன் நீ சொன்னா கேட்பாரு. மேடையைத் தள்ளிப் போடச் சொல்லு. மிஸ்ரிக்குத் தலை பின்னும்போது காதுக்குப் பின்னால இழுக்காதே, அவளுக்கு அங்க ஒரு புண்ணு ஆறிட்டிருக்கு.

லாட்லி


படித்துறைச் சந்து, மதுரா
10 அக்டோபர் 1978

லாட்லி அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். படகுத் துடுப்பை எடுத்து என் அண்ணன் நெற்றியைப் பிளந்தது உங்கள் அண்ணன். ஏழு தையல். அந்த வளைவுக்குக் கீழே என் தாத்தா உட்கார்ந்திருந்தார். என் அப்பாவுக்குக் கால் விழுந்தபோது “கொஞ்ச நாளைக்கு” என்று உங்கள் அப்பா வந்து உட்கார்ந்தார். அந்தக் கொஞ்ச நாள் இருபது வருஷமாகிவிட்டது. இது ஊருக்கே தெரியும்.

என் அண்ணனிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் அண்ணன் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். அவர் என் புருஷன்தான். அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது.

உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள். முற்றத்தில் இருக்கும் தலையில்லாத சிவப்புக் கல் சிலை வெள்ளத்தில் இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டது. அதை அவள்தான் தினமும் கழுவுகிறாள். மியூசியத்துக்காரர்கள் புத்தர் என்றும், அப்பா யமுனா அம்மா என்றும் சண்டை போட்ட அதே சிலைதான். அதன் காதில் ஏதோ சொல்கிறாள். தலையே இல்லையே, எங்கே காது என்று கேட்டேன். தோளைக் காட்டினாள்.

கேசோ இன்னும் பால் மறக்கவில்லை. ராத்திரி அழுதால் வெல்லம் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம், பேதியாகும். முதுகைத் தட்டினால் போதும். இடது கையால் தட்ட வேண்டும். எனக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து போய்விட்டது. இதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கலிந்தி


மேட்டு வீடு
15 அக்டோபர் 1978

கலிந்தி,

‘நீங்கள்’! சின்ன வயசுல என் பல்லை உடைச்சவ நீ. இப்ப நான் உனக்கு ‘நீங்கள்’ ஆயிட்டேன். நல்லா இரு.

நேத்து துவாரகாதீசர் கோயில்ல உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கலை, இல்லே பார்க்காத மாதிரி இருந்த. மிஸ்ரி பார்த்தா. நான் தூணுக்குப் பின்னால இருந்து கையை நீட்டினேன். அவ உன் புடவைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டா. என்ன சொல்லிக் கொடுத்திருக்க அவளுக்கு? உங்கம்மா ஓடிப்போயிட்டான்னா? நான் வயித்துல சுமந்தவ என்னைப் பார்த்துப் பயப்படறா. அதைப் பார்த்துட்டுப் பிரசாதப் பேடாவைக் குரங்குக்குப் போட்டுட்டு வந்தேன்.

எங்கம்மா இங்க தினம் ஒரு பொண்ணு பேர் சொல்றா. “ஹோலி கேட் பக்கம் ஒருத்தி இருக்கா, பத்தாவது பாஸு, அடக்கமா இருப்பா”ன்னு. உன் இடத்துக்குத்தான். எங்க அண்ணன் வேண்டாம்னும் சொல்லலை, வேணும்னும் சொல்லலை. பாங்கு அரைச்சுக் குடிச்சுட்டு மல்யுத்த அகாடாவுக்குப் போயிடறாரு. சட்டம் இருக்கேன்னேன். “கலிந்தி கோர்ட்டுக்குப் போவாளா?”ன்னு அம்மா சிரிச்சா. நானும் சிரிச்சேன். நீ போக மாட்ட. நானும் போக மாட்டேன்.

கேசோவை நான் தூக்கினா, “ஆடு பகை, குட்டி உறவா?”ன்னு அம்மா கேட்கறா. ஆமாம், உறவுதான்னேன்.

இடது கையால தட்டறேன். தூங்கறான்.

லாட்லி


படித்துறைச் சந்து
20 அக்டோபர் 1978

லாட்லி,

நேற்று புருஷனுக்காகப் பட்டினி கிடக்கும் நாள். நீயும் இருந்திருப்பாய் என்று தெரியும். சந்திரனைச் சல்லடை வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்து யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் மொட்டை மாடியில் நின்றேன். உங்கள் வீட்டு மாடி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. அண்ணன் கீழே இருந்து, “யாருக்காகடி விரதம், என் மண்டையை உடைச்சவனுக்கா?” என்று கேட்டார். தண்ணீர் குடிக்காமல் தூங்கிவிட்டேன்.

நான் மிஸ்ரிக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். நீ போன அன்று காலையில் அவள் பால் தம்ளரைக் கவிழ்த்தாளாம். அதற்காகத்தான் நீ போய்விட்டாய் என்று நினைக்கிறாள். உன்னைப் பார்த்தால் திட்டுவாய் என்று ஒளிந்துகொண்டாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. இதை நீயே அவளிடம் சொன்னால்தான் உண்டு.

இந்த ஊரை எத்தனை பேர் வந்து கொளுத்தினார்கள், எத்தனை முறை கோயில் இடிந்தது. ஊரை விட்டு ஓடிய நம் ஜாதிச் சௌபேக்களை இனிப்பு என்பார்கள், விடாமல் உட்கார்ந்திருந்த நம்மைக் கசப்பு என்பார்கள். கசப்பு என்று சொல்லிக்கொள்வதில் அண்ணனுக்கு எத்தனை பெருமை! எதையும் விட்டுக்கொடுக்காததுதான் பெருமை என்றால் நானும் அப்படித்தான் உனக்கு முதல் கடிதம் எழுதியிருக்கிறேன். அதைக் கிழித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தரிசனத்துக்குக் கேசோவைத் தூக்கிக்கொண்டு வா. ஆண்கள் துறைக்குப் போயிருப்பார்கள். நான் மிஸ்ரியைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கத் தூணருகில் நிற்கிறேன். ஒரு நாழிகை போதும்.

கலிந்தி


படித்துறைச் சந்து
24 அக்டோபர் 1978

லாட்லி,

ஞாயிறு நீ வரவில்லை. திரை மூடும்வரை நின்றேன். மிஸ்ரி தன் புதுப் பாவாடையை அழுக்காகாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் சுக்தேயி சொன்னாள், கேசோவுக்கு ஞாயிறு முதல் காய்ச்சல், கண் திறக்கவில்லை என்று. அண்ணன் போகக்கூடாது என்றார். “அந்த வாசலை மிதிச்சா இந்த வாசலுக்கு வராதே” என்றார். நான் அவருக்குத் தெரியாமல் வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். கதவைத் தட்டினேன். உன் அம்மா உள்ளேயிருந்து, யாரும் இல்லை என்றார்கள். யாரும் இல்லாத வீட்டில் என் பிள்ளை முனகியது எனக்குக் கேட்டது.

இன்னொன்றும் கேட்டது. தாழ்ப்பாள் பக்கத்தில் வளையல் சத்தம். கல்யாணத்துக்கு நான்தான் உனக்கு அந்தக் கண்ணாடி வளையல்களைப் போட்டுவிட்டேன், நான்கு உடைந்து மீதி எத்தனை என்றுகூடத் தெரியும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருந்தது. நீ திறக்கவில்லை.

இன்று பிள்ளைகளுக்காக விரதமிருக்கும் அஷ்டமி. சுவரில் அஹோயி அம்மனை எழுதினேன். கீழே பிள்ளைகள் பெயர் எழுத வேண்டும். மிஸ்ரி பக்கத்தில் இருந்ததால் அவள் பெயரையும் எழுதினேன். உன்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்ட எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது.

கேசோ உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் எழுது.

கலிந்தி


மேட்டு வீடு
26 அக்டோபர் 1978

கலிந்தி,

இருக்கான். காய்ச்சல் இறங்கிடுச்சு. வெள்ளத் தண்ணிக் காய்ச்சல்னு டாக்டர் சொன்னாரு. கஞ்சி குடிக்கிறான்.

வளையல் என்னோடதுதான். என் கை தாழ்ப்பாள்மேலதான் இருந்துச்சு. எங்க அண்ணன் எனக்குப் பின்னால நின்னுட்டு, “திற. திறந்துட்டு நீயும் அவகூடவே போயிடு”ன்னாரு. கத்தலை, மெதுவாத்தான் சொன்னாரு. போயிருந்தா நாம ரெண்டு பேரும் தெருவுல நின்னிருப்போம். ஈரத்துணியை யார் மாத்துவா? எங்கம்மாவா? அவ கோயில் மணி மாதிரி நேரத்துக்குத் தூங்கிடுவா.

நான் திறக்கலை. அதுக்கு நீ என்ன பேர் வேணும்னாலும் வெச்சுக்கோ. அன்னிக்குத் திறந்திருந்தா உனக்குப் பிள்ளையைப் பார்த்த நிம்மதி கிடைச்சிருக்கும். பிள்ளைக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசி.

இன்னும் ஒண்ணு. காய்ச்சல்ல அவன் என்னை அம்மான்னு கூப்பிட்டான். நான் திருத்தலை. காய்ச்சல் விட்டப்புறமும் அப்படித்தான் கூப்பிடறான். இதுக்கும் சேர்த்துக் கோவிச்சுக்கோ.

லாட்லி


மேட்டு வீடு
29 அக்டோபர் 1978

கலிந்தி,

சமாதானம் ஆயிடுச்சு. உனக்குத் தெரியுமா? எனக்கு வீட்டு வேலைக்காரி சொல்லித் தெரிஞ்சுது.

பீகானேர் சேட் வர்றாராம், வயசான தங்கச்சியைக் கூட்டிட்டு, யமத் துவிதியைக் குளியலுக்கு. அவங்க பரம்பரைக்கே நம்ம ரெண்டு வீடும் சேர்ந்துதான் சங்கல்பம் பண்ணி வெக்கறது வழக்கம். ஒருத்தர் மட்டும் நின்னா சேட் வேற பண்டாவைப் பார்த்துடுவாரு. அவ்வளவுதான், ரெண்டு மகானும் அகாடாவுல கட்டிப்பிடிச்சுட்டாங்க. சேர்ந்து பாங்கு, சேர்ந்து ரபடி இனிப்பு. மேடை காலையில உங்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. துடுப்பாவது, தையலாவது, எல்லாம் விளையாட்டுக்காம்.

நம்மைக் கேட்டாங்களான்னு கேட்காதே. துவிதியை அன்னிக்கு நீ உன் அண்ணன் கையைப் பிடிச்சு முழுகணும், நான் என் அண்ணன் கையைப் பிடிச்சு முழுகணும், சேட் பார்க்கணும். மறுநாள் நான் அங்க, நீ இங்க. சாமான் மாத்திக்கிற மாதிரி.

எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியலை. மிஸ்ரிக்குப் புது வளையல் வாங்கிட்டேன்.

லாட்லி


படித்துறைச் சந்து
31 அக்டோபர் 1978, தீபாவளி

லாட்லி,

நான் முழுக மாட்டேன்.

யமன்கூடத் தங்கை வீட்டுக்குப் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டானாம். அப்புறம்தான் வரம். இங்கே தங்கை கையைப் பிடித்து முழுகினால் யமபயம் இல்லை என்று தேசத்துக்கே சொல்லிப் பிழைக்கிறார்கள் நம் அண்ணன்கள். நமக்கு என்ன வேண்டும் என்று ஒருவராவது கேட்டாரா?

நான் ஒருத்தி மறுத்தால் பைத்தியம் என்பார்கள். இரண்டு பேரும் மறுத்தால் காரணம் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் சேட் முன்னால். இனி உங்கள் பிள்ளைகளை உங்களிடமிருந்து பிரிக்க மாட்டோம் என்று துறையில் வைத்துச் சொல்லட்டும். அதன்பிறகு எத்தனை முழுக்கு வேண்டுமானாலும் போடுவோம். இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறொரு மேடை, வேறொரு துடுப்பு. மறுபடியும் நாம் சந்து முனையில் எதிரெதிரே வருவோம்.

கதவு விஷயத்தை நான் மறக்கவில்லை. இதில் நீ என் பக்கத்தில் நின்றால் மறந்துவிடுகிறேன். சத்தியம்.

கலிந்தி


சித்தி வீடு, விருந்தாவனம்
3 நவம்பர் 1978

லாட்லி,

நீ இறங்கினாய். உன் அண்ணன் கையைப் பிடித்தாய். நான் படியில் நின்றது உனக்குத் தெரியும், நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நீ முழுகிக்கொண்டிருந்தபோது கரையில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பன்வாரி அண்ணன் தண்ணீரில் நின்று கையை நீட்டினார். நான் அசையவில்லை. சேட்டின் தங்கை நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே, “என்ன பண்டாஜி, உங்க தங்கச்சிக்குத் தண்ணின்னா பயமா?” என்று கேட்டார். அண்ணனும் சிரித்து, “தீட்டு” என்றார்.

நான், “தீட்டு இல்லைம்மா” என்றேன். “ஒரு பலகைக்காக ரெண்டு பிள்ளைங்களைத் தாயில்லாமப் பண்ணினவர் இவர். இவரை யமன்கிட்டருந்து நான் காப்பாத்த மாட்டேன்.”

அந்த அம்மாள் தன் அண்ணன் கையை விட்டுவிட்டுக் கரையேறினார். சேட்டும் பின்னால் போனார். அடுத்த வளைவில் இருக்கும் பண்டாவிடம் போய்க் குளித்தார்கள். அண்ணன் மேலே வந்து என்னை அறைந்தார். ஆமைக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிரிராஜ், என் புருஷன், ஈர வேட்டியோடு வந்து அண்ணன் தோளில் கை போட்டு, “அண்ணனுக்கே சாவு கேட்கறவ என் வீட்டுக்கு வேண்டாம்” என்றார். இரண்டு பேரும் அத்தனை ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு இரண்டு வீடும் இல்லை. சித்தி இங்கே ஒரு மூலை கொடுத்திருக்கிறாள்.

நீ ஏன் இறங்கினாய்?

கலிந்தி


படித்துறைச் சந்து
5 நவம்பர் 1978

கலிந்தி,

ஏன் இறங்கினேனா? மேல்படியில மிஸ்ரி நின்னா. உங்க வீட்டுப் பொம்பளை ஒருத்தி அவ கையைப் பிடிச்சுட்டு இருந்தா. ராத்திரிக்கு அவ என்கிட்ட தூங்குவான்னு சொல்லியிருந்தாங்க. நீ பேசினது நியாயம். எனக்கு நியாயம் வேண்டாம், என் பொண்ணு வேணும்.

ரெண்டு பேரும் மறுத்தா கேட்பாங்கன்னு எழுதின. கேட்டிருக்க மாட்டாங்க. நம்ம ரெண்டு பேரையும் தள்ளிட்டு வேற ரெண்டு பேரைக் கொண்டுவந்திருப்பாங்க. இந்த ஊர்ல மேடைக்குத்தான் பஞ்சம், பொண்ணுக்கு இல்லை. அவங்க என் அண்ணன், என் புருஷன். உன்னைவிட எனக்கு அவங்களை நல்லாத் தெரியும்.

மிஸ்ரி என் பக்கத்துல தூங்கறா. தூக்கத்துல உன் பேரைச் சொல்றா. பால் தம்ளர் கதையைச் சொல்லி அழுதா, நானும் அழுதேன்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. ரெண்டு ராத்திரியா கெஞ்சிப் பார்த்துட்டேன். கம்ச மேளாவுக்கு முன்னால நீ வந்து எல்லார் முன்னாலயும் ரெண்டு பேர் காலையும் தொட்டு, புத்தி பேதலிச்சுப் பேசிட்டேன்னு சொன்னா, எங்க அண்ணன் சேர்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இல்லேன்னா ஹோலி கேட் பொண்ணு வீட்டுக்கு அம்மா வெத்தலை பாக்கு அனுப்பிடுவா. நான் இங்க வந்துட்டேன், கேசோ அங்க தனியாத்தான் இருக்கான், அம்மாகிட்ட. நீ சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனாலும் வந்து காலைத் தொடு.

லாட்லி


மேட்டு வீடு, மதுரா
12 நவம்பர் 1978

லாட்லி அண்ணிக்கு,

வந்துவிட்டேன். நீங்களும் கூடத்தில் நின்று பார்த்தீர்கள், அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் அண்ணன் காலைத் தொட்டபோது அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு எல்லோரும் கச்சோரி சாப்பிட்டோம். மறுநாள் ஆண்கள் தடியை எடுத்துக்கொண்டு கம்சனை அடிக்கப் போனார்கள். அவன் தலையை உடைத்துத் துறைக்குக் கொண்டுவந்து களைப்பாறினார்கள். என் புருஷன் சந்தோஷமாக வந்து தூங்கினார்.

நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். வரவில்லை.

கேசோ என்னிடம் வரவில்லை. தூக்கினால் முதுகை வளைத்துக் கத்துகிறான். மார்பில் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான், பாலும் இல்லை. இடது கையால் தட்டினேன். “நீ வேண்டாம், அம்மா வேணும்” என்கிறான். வாசற்படியில் உட்கார்ந்து சந்து முனையையே பார்க்கிறான். உங்களைப் போல மஞ்சள் புடவை கட்டி யார் போனாலும் எழுந்து ஓடுகிறான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்கள் அம்மா, “லாட்லியை ஒரு தடவை வரச்சொல்லேன், ஊட்டிட்டுப் போகட்டும்” என்றார்கள்.

நான் உங்களை வரச்சொல்லவில்லை. நேற்று மத்தியானம் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அம்மா வர மாட்டாள், அம்மா யமுனையில் போய்விட்டாள், செத்துவிட்டாள் என்று சொன்னேன். வெள்ளத்தில் மாடு போனதை அவன் பார்த்திருக்கிறான், அதனால் புரிந்துகொண்டான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு கிண்ணம் கிச்சடி முழுக்கச் சாப்பிட்டான்.

ஆகவே நீங்கள் இந்தச் சந்துப் பக்கம் வர வேண்டாம். அவன் உங்களைப் பார்த்துவிடக் கூடாது.

கலிந்தி